பெயர்களைப் பிறகு மாற்றலாம்

"அடிக்காதீங்க, தம்பி. எழுதினதை அடிச்சு அடிச்சுத் திருத்திட்டு இருந்தா நாவல் எப்ப முடியறது?"

அண்ணாமலை இப்படிச் சொன்னதும் அர்த்தனாரி பேனாவைக் கீழே வைத்தான். அவனுக்கு இன்னும் காய்ச்சல் விட்டபாடில்லை.

கொல்லிமலையில், எடப்புளி நாடு என்கிற மலைப்பகுதியின் கோடியில், பலாமரங்களுக்கு நடுவே இருந்த குடிசை அது. நாற்பத்திரண்டாம் வருஷத்து ஆகஸ்ட் போராட்டத்தில் தந்திக் கம்பியை அறுத்ததற்காகப் போலீஸ் தேடும் அர்த்தனாரி அங்கேதான் ஒளிந்திருந்தான். காலேஜில் கட்டுரை எழுதியிருக்கிறானே தவிர, நாவல் எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் எழுதியே தீருவது என்று உட்கார்ந்துவிட்டான்.

காரணம் இருந்தது. அவனோடு ஓடிவந்த சின்னக்கண்ணு மலைக்காய்ச்சலில் இங்கேயே செத்துப்போனான். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அலைந்ததையும், மலைக்காரர்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தங்கள் இருவருக்கும் சோறு போட்டதையும் எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாமலே போய்விடும். தான் பிடிபடுவதற்குள், அல்லது காய்ச்சல் தன்னையும் கொண்டுபோவதற்குள், முடித்துவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் அவனுக்கு இல்லை.

சென்னையில் புத்தகம் போடுவதாகவும், சேலத்து நண்பர்கள் அனுப்பியதாகவும் சொல்லி, மிளகு வாங்க வருகிறவர்களோடு மலையேறி வந்தவர் அண்ணாமலை. அர்த்தனாரியைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். ஒரு வார்த்தை வரவில்லையென்றால் இடம் விட்டுவிட்டு மேலே போகச் சொன்னார். நேற்று எழுதியதை இன்று படிக்காதே என்றார். வர்ணனை வேண்டாம், நடந்ததை நடந்தபடி எழுது என்றார். எல்லாம் நல்ல யோசனைகள்தான். ஆனாலும் மனிதர்கள் வருகிற இடத்தில் கதை முரண்டு பிடித்தது. தினமும் சோறு கொண்டுவந்த பெண்ணுக்கு அர்த்தனாரி மரகதம் என்று பெயர் வைத்திருந்தான். மரகதம் வாயைத் திறந்தால் நாடகக்காரி மாதிரி பேசினாள்.

"இவ நிஜத்துல யாரு?" என்று கேட்டார் அண்ணாமலை.

அர்த்தனாரி தயங்கினான். "கண்ணாயிங்க. இந்தக் காடு செங்கோடனோடது. அவரு சம்சாரம்."

"அப்பக் கண்ணாயின்னே எழுதுங்க. நிஜப் பேரை எழுதினாத்தான் அந்த ஆளு கண்ணு முன்னால வந்து நிக்கும். அச்சுக்குப் போறப்ப மாத்திக்கலாம்."

"இந்தக் காகிதம் யார் கையிலாச்சும் சிக்குனா அவங்க கதி என்னங்க ஆகும்? எனக்குச் சோறு போட்ட குத்தத்துக்குக் குடும்பத்தையே உள்ள தள்ளிருவாங்க."

"என்னைத் தாண்டித்தானே தம்பி சிக்கணும்?"

அந்த ஒரு வார்த்தை அர்த்தனாரிக்குப் போதுமாக இருந்தது. மரகதம் கண்ணாயியானாள். அதற்குமேல் பேனா நிற்கவே இல்லை. உப்பும் தீப்பெட்டியும் வாங்கிவந்த மாணிக்கம், போலீஸ் வந்தபோது தானியக் குதிருக்குள் அவனை ஒளித்து வைத்த பாவாயி, பைல் நாட்டுக்கு வழிகாட்டிய ராசு, சின்னக்கண்ணுவுக்குக் குழி வெட்டியவர்கள் எல்லோரும் சொந்தப் பெயரோடும் சொந்த ஊரோடும் கதைக்குள் வந்து இறங்கினார்கள். அண்ணாமலை ஒவ்வொரு தாளாக வாங்கிப் படித்தார். இந்தத் தடம் எங்கே போய்ச் சேரும், அந்த வீடு ஊருக்குள்ளா ஒதுக்குப்புறமா என்று கேட்டுக் கேட்டு எழுதவைத்தார். படிக்கிறவனுக்கு நேரில் பார்த்ததுபோல் இருக்க வேண்டுமாம்.

ஒருநாள் சாமைச்சோறு கொண்டுவந்த கண்ணாயிக்கு, அவள் வருகிற பகுதியை அர்த்தனாரி படித்துக் காட்டினான். நின்றபடியே கேட்டவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எம்பேரு புஸ்தகத்துல வருமா சாமி?"

அச்சில் வேறு பெயர்தான் வரும் என்றான் அவன். அவள் முகம் வாடிவிட்டது. தன் பெயரைப் பிறந்ததிலிருந்து ஒருவரும் எழுதியதில்லை, எழுதியதையும் எதற்காக மாற்ற வேண்டும் என்று வருத்தப்பட்டாள்.

அண்ணாமலைதான் சமாதானம் சொன்னார். "கவலைப்படாதே அம்மா. உம்பேரை மாத்த நான் விடமாட்டேன்."

மறுநாள் உச்சிப்பொழுதில் நாவல் முடிந்தது. பெயர்களை மாற்ற ஒருநாள் அவகாசம் கேட்டான் அர்த்தனாரி. உடம்பு அனலாகக் கொதிக்கிறது, படுத்துக்கொள், அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் காகிதக் கட்டை வாங்கிக்கொண்டார் அண்ணாமலை. சின்னக்கண்ணுவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதியில் அர்த்தனாரி வெகுநாளைக்குப் பிறகு அயர்ந்து தூங்கினான்.

பொழுது சாய்வதற்குள் அண்ணாமலை மலையிறங்கிவிட்டார். அடிவாரத்தில், புளியமரத்தடியில் ஒரு லாரி நின்றிருந்தது. அவரைக் கண்டதும் ஏட்டு விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

"வாங்க இன்ஸ்பெக்டர் ஐயா. நாவல் முடிஞ்சுதுங்களா? பையனை மொத நாளே அமுக்கியிருக்கலாமேங்க?"

"அமுக்கியிருந்தா ஒருத்தன்தான். இப்ப எல்லாருமே இருக்காங்க, பேரும் ஊருமா." அண்ணாமலை காகிதக் கட்டை ஏட்டிடம் நீட்டினார். "நல்லாத்தான் எழுதியிருக்கான், எனக்கே கண்ணு கலங்கிருச்சு. கண்ணாயி ஊட்டுல இருந்து ஆரம்பிங்க."