மூத்தவளின் கிளி

“ஏங்க, எங்க போயிட்டீங்க?”

பால்கனியிலிருந்து ஒரு பெண் குரல் கொஞ்சியது. “இதோ வந்துட்டேன் கண்ணு!” என்று ஓடினான் கணவன். தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த இவளுடைய கால் சட்டென்று நின்றது. வயிறு எரிந்தது.

கூப்பிட்டது கிளி. போய்ச் சேர்ந்த மூத்தவள் ஆசையாக வளர்த்தது. செத்தும் அதன் வாய் வழியாக அவள் குடித்தனம் நடத்துகிறாளே என்று இவளுக்கு ஆற்றாமை.

கல்யாணமான நாளிலிருந்து, மூத்தவளைப் பற்றி அவன் பேச்செடுத்தாலே இவள் எழுந்து போய்விடுவாள். சமையலறை வாசலில் தொங்கும் மணியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அதை அடித்துத்தான் அவனைச் சாப்பிடக் கூப்பிடுவாளாம், மகாராணி! வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்?

பால்கனியில் அவன் ஒரு கொய்யாக் கிளையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான்.

“கிளிக்குக் கட்டில் செய்யறீங்களா?”

“உக்கார்ற கொம்பு ஒரே பருமனா இருந்தா கால் புண்ணாயிடும். மருந்தடிச்ச மரமும் ஆகாது.”

“எனக்குச் செருப்பு வாங்கறப்ப இவ்வளவு பாக்கலையே நீங்க!” என்றவள், போகிறபோக்கில் கேட்டாள். “அரளிக் கொம்பு வச்சா?”

“ஐயையோ, விஷம்! கொறிச்சாலே போச்சு.”

மறுநாள் அவன் வேலைக்குக் கிளம்பியதும், காம்பவுண்ட் ஓரத்து அரளியை ஒடித்துக் கூண்டில் சொருகிவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தாள். தையல் கோணல்மாணலாக ஓடியது.

“ஏங்க, சாப்பிட்டீங்களா?” என்றது கிளி, வெள்ளந்தியாக.

இவளுக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய், கொத்த வந்த அலகுக்கு முன்னால் கிளையைப் பிடுங்கினாள். திரும்பினால், மறந்துபோன ஹெல்மெட்டை எடுக்க வந்த கணவன் நின்றிருந்தான்.

“கையில என்ன அது?”

“அரளிதான்! நான்தான் வச்சேன்!” உடைந்து அழுதாள். “பொழுது விடிஞ்சா பொழுது போனா உங்க மூத்த பொண்டாட்டி குரலையே கேட்டுக்கிட்டு எப்படிங்க இருப்பேன்?”

கோபமாக வாயெடுத்தவன் கிளையை மெல்ல அவள் கையிலிருந்து வாங்கினான்.

“அது உன் குரல்டி. அவளுக்குப் பிறவியிலேயே பேச்சு வராது.”