அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள்

"என் தாயார் அதிகாலையில் எழுந்து சுடச்சுட இட்லி அவித்துத் தருவார்…"

பள்ளிக்கூடத் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தான் பெர்னார்ட். சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கிளார்க், கல்யாண வயது. காலோ பரீட்சைக்கு வந்த பொடியனுடையதைப் போல ஆடிக்கொண்டிருந்தது.

எழுபத்தெட்டாம் வருஷம் அது. இரண்டாம் மொழியில் பாஸானால்தான் அவன் வேலை நிரந்தரமாகும். ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலப் பூசைக்கே போய் வளர்ந்தவனைத் தமிழ் ஏற்கெனவே இரண்டு முறை காலை வாரிவிட்டிருந்தது. இந்த வாய்மொழித் தேர்வும் போனால் வேலையும் போச்சு, பாவம்.

"ஒரு வார்த்தை மாத்தாம ஒப்பிச்சிடு. வீட்ல பேசுற மாதிரி பேசினா மார்க் போயிடும்" என்று டியூஷன் ஆசிரியர் மருதப்பன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இந்த இட்லி வரியை முதல்முதலாகக் கேட்டபோது அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அடப்பாவி! நான் என்னைக்குடா இட்லி அவிச்சேன்? ரொட்டியில காயா ஜாம் தடவித்தானே குடுத்தேன்! சரி, இட்லி சொன்னாத்தான் பாஸுன்னா இட்லியே சொல்லு லா."

பக்கத்தில் அக்கா பிரிஜட், மடியில் மெழுகுவர்த்திப் பொட்டலத்தோடு இருந்தாள். "முடிஞ்சதும் நேரா போயிடலாம்டா. லேட்டானா பஸ் கிடைக்காது."

உள்ளே கூப்பிட்டார்கள். தேர்வு நடத்திய அம்மையார் கனிவாகக் கேட்டார்.

"உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள்."

படித்த கேள்விதான். ஆனாலும் ‘என் தாயார்’ என்று இரண்டு முறை ஆரம்பித்து நிறுத்தினான்.

"பயப்படாதீங்க. தண்ணி குடிங்க."

குடித்தான். கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று ஒப்பித்தான். இட்லி வந்தது, சட்னி வந்தது. "நான் வேலை முடிந்து திரும்பும்வரை வாசலிலேயே காத்திருப்பார்" என்று முடித்தான்.

"ரொம்ப நல்லா சொன்னீங்க. குடுத்து வச்சவர் நீங்க!" அம்மையார் சிரித்தபடி மார்க் போட்டார்.

வெளியே வந்ததும் அக்கா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படிடா?"

"பாஸுதான்னு நினைக்கிறேன்."

"தேங்க் காட்! என்ன கேட்டாங்க?"

"அம்மாவப் பத்தி."

அக்காவின் முகம் மாறிப்போனது. "நீ என்ன சொன்ன?"

"மனப்பாடம் பண்ணதத்தான். இட்லி அவிப்பாங்க, வாசல்ல காத்திருப்பாங்கன்னு."

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

பெர்னார்ட் மெழுகுவர்த்திப் பொட்டலத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். அடக்கி வைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"செத்துட்டாங்கங்கறத நல்ல தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியலக்கா."