வெறுமனே திரும்பாத கிண்ணம்

விருத்தாசலம் ஜங்ஷன் பக்கத்துச் சந்தில், நஸீமாவின் அடுப்படி ஜன்னலும் பூர்ணிமாவின் ஜன்னலும் கை நீட்டினால் தொடும் தூரம். நஸீமா குழம்பு ஊற்றிக் கொடுத்த பீங்கான் கிண்ணத்தைப் பூர்ணிமா வெறுமனே திருப்பியதே இல்லை. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு நீட்டுவாள்.

மாடியில் இன்னொரு போர்ஷன் எடுக்க, வீட்டுக்காரர் சந்துக்குள் சுவர் எழுப்பினார். இரண்டு ஜன்னல் கம்பிகளையும் உரசிக்கொண்டு செங்கல் நின்றது.

"பட்டப்பகல்லயே லைட்டு போட வேண்டியதா இருக்குது. மூச்சு முட்டுதுக்கா," என்று போனில் அழுத பூர்ணிமா, மழைக்காலம் முடிவதற்குள் செத்துப்போனாள். நஸீமாவின் கிண்ணம் அந்தப் பூட்டிய வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

இன்று காலை நஸீமா ஜன்னலைத் திறந்தாள். கம்பிக்கும் சுவருக்கும் நடுவே, விரல்கூட நுழையாத இடத்தில், கிண்ணம் இருந்தது. கழுவிய ஈரம் காயவில்லை. சுவரின் இந்தப் பக்கத்தில் ஒரு கீறலும் இல்லை.

வழக்கம்போல அது வெறுமனே வரவில்லை. நகத்தால் சுரண்டியெடுத்த செங்கல் தூள் ஒரு பிடி இருந்தது.