ஃப்ளாட்டில் பெயின்ட் வேலை

செல்போன் அதிர்ந்ததுமே ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர் பதறி எழுந்தார்.

“மகன்தான்! மூச்சு விடாதே” என்று மனைவியை அடக்கினார்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க நேற்று ராத்திரிதான் வந்து இறங்கியிருந்தார்கள். அவன் ஃப்ளாட்டில் பெயின்ட் வேலையாம். நல்ல ஹோட்டலில் தங்கச் சொல்லிப் பணம் அனுப்பியிருந்தான். இவரா செலவழிப்பார்? ‘ஏர்போர்ட்டுக்கு அலையாதே’ என்று அவனைத் தடுத்துவிட்டு, எட்டுப் பேர் படுக்கும் இந்த மலிவு விடுதி அறையில் ஆளுக்கொரு கட்டிலைப் பிடித்துவிட்டார். மிச்சப் பணத்தை அவன் கையிலேயே கொடுத்துவிட உத்தேசம்.

“எனக்கு மேல் கட்டில்ல யாரு பெத்த புள்ளையோ, விடிய விடிய இருமிச்சு” என்று முணுமுணுத்தாள் மனைவி. “தைலம் வேணுமான்னு கேட்டேன். காதுல எதையோ மாட்டிக்கிட்டு, திரையை இழுத்து மூடிட்டுக் கிடக்கு.”

“ஊர் வம்பு உனக்கெதுக்கு?”

போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

“தம்பி, ரூம் அரண்மனையாட்டம் இருக்குடா!”

“சந்தோஷம்பா” என்றான் மகன், ரகசியம் பேசுவதுபோல. “நான் பால்கனில நிக்கிறேன். வீடு பூரா பெயின்ட் நெடி. தொண்டையே கட்டிக்கிச்சு.”

அப்போது துப்புரவுக்காரி வாளியும் கையுமாகக் கதவை டமாரென்று திறந்தாள்.

அந்த டமார் அறையிலும் கேட்டது, போனுக்குள்ளும் கேட்டது.

அவர் போர்வையை விலக்கினார். போனில் மகன் இருமினான். மனைவிக்கு மேலிருந்த கட்டில் குலுங்கியது.

 அவள் தைல பாட்டிலை எடுத்துக்கொண்டு ஏணியில் காலை வைத்தாள்.