கீழ்வீட்டுத் தட்டல்

"கீழ ரப்பரு, அதுமேல சட்டம், அதுமேல பலாப்பலகை. மிதிச்சா அமுங்கி எழும்பும். யானை குதிச்சாலும் கீழ்வூட்டுக்குக் கேக்காது டீச்சர்" என்றார் ஆசாரி ஜாஸ்பர்.

எவாஞ்சலினுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. நெய்வேலியில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவரை எழுப்புவதைப் போன்ற பாவம் வேறில்லை. மாலை ஐந்து மணிக்கு அவள் மாடியில் பரதநாட்டிய வகுப்பைத் தொடங்கினால் போதும், கீழ்வீட்டுச் சாமிக்கண்ணு கம்பால் கூரையைத் தட்ட ஆரம்பித்துவிடுவார். வீட்டுக்காரரிடம் சொல்லிக் காலி செய்ய வைத்துவிடுவாரோ என்ற பயத்தில்தான் இந்த மரத்தளமே.

புதுத் தளத்தில் பிள்ளைகள் குதித்து ஆடினார்கள். கீழே இருந்து ஒரு தட்டல்கூட வரவில்லை. எவாஞ்சலின் நிம்மதியாக இருந்தாள், வாரக் கடைசியில் சாமிக்கண்ணு கம்போடு படியேறி வரும்வரை.

"ஏன் டீச்சர், கிளாஸ நிறுத்திட்டீங்களா?"

"இல்லண்ணே, உங்க தூக்கம் கெடக் கூடாதுன்னுதான் இந்தப் பலகையே. தெனமும் கோவமா தட்டுவீங்களே!"

"கோவமா? நான் நாலு மணிக்கே எழுந்துருவேன். டீ குடிச்சிக்கினே உங்களுக்குத் தாளம் போட்டுக்கினு இருந்தேன் டீச்சர்!"

எவாஞ்சலின் அவரையும் கம்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அது தாளமா? செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்கண்ணே. மொதல்லேருந்து ஆரம்பிப்போம்."