கொக்கார் குத்திய முத்திரை

காட்டில் நாடகங்களுக்கு முத்திரை குத்தும் வேலை கொக்காருடையது. பருந்தோடு போராடிக் குஞ்சைக் காத்த கோழியின் நாடகத்தில் மூன்று சொட்டு ரத்தத்தை எண்ணிவிட்டு, "பெரியவர்களுக்கு மட்டும்" என்று குத்தினார்.

நரியின் நாடகத்தில் மகன் முயல் சிரிக்கச் சிரிக்கப் பேசியே கிழட்டு அப்பனை வளையை விட்டு வெளியேற்றியது. கடைசிக் காட்சியில் அதற்கே மாலையும் விழுந்தது.

"இதைக் குழந்தைகள் பார்க்கலாமா, கொக்கண்ணே?" என்றது கோழி.

"ரத்தம் உண்டா? கெட்ட வார்த்தை உண்டா? போம்மா, போய்க் குப்பையைக் கிளறு." கொக்கார் "எல்லோரும் பார்க்கலாம்" என்று குத்தினார்.

மழைக்காலம் வந்தது. நனைந்தபடி கூடு திரும்பிய கொக்காரை மகன் வாசலிலேயே மறித்தான்.

"அப்பா, அந்தப் பட்டமரம் உங்களுக்கு நல்ல காற்றோட்டமாக இருக்கும்" என்றான், சிரித்துக்கொண்டே.

"அடப்பாவி!"

"கெட்ட வார்த்தை வேண்டாம் அப்பா. உள்ளே குழந்தைகள் இருக்கிறார்கள்."