எதிரணிக்குப் போன டூகல்

ஸ்காட்லாந்து மலையூர் ஒன்றின் மண்டபச் சுவரில் ஒரு கிழட்டு வாள் தொங்கியது. முந்நூறு வருஷத்துக்கு முன் மெக்டோரன் குலத்தார் அதை வைத்துத்தான் மெக்ஃபார்ன் குலத்தாரை வெட்டிச் சாய்த்தார்கள். இப்போது அந்தப் போர் நாளில் இரு குலத்து வாரிசுகளும் கூடி, பழைய வசவுகளை வரி பிசகாமல் சொல்லிவிட்டுக் கயிறு இழுப்பார்கள்.

"இன்னிக்காவது என்னை எடுப்பாங்க, பாரேன்!" என்றது வாள், பக்கத்து ஆணியில் தொங்கிய கயிற்றிடம். கயிற்றைத்தான் எடுத்துப் போனார்கள்.

மெக்ஃபார்ன் பக்கம் ஓர் ஆள் குறைந்தது. மெக்டோரன்களிலேயே பலசாலியான டூகல், யாரும் கேட்காமலே அந்தப் பக்கம் போய் நின்றான். ஜன்னல் வழியே பார்த்த வாளுக்கு ஒரே குஷி. "பலே! உள்ளே புகுந்து கவுக்கப் போறான்!"

டூகல் கழுத்து நரம்பு புடைக்க இழுத்தான். அவன் சொந்த அண்ணன் தம்பிகள் சேற்றில் குப்புற விழுந்தார்கள். எழுந்து வந்து அவனையே தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

சேறும் சகதியுமாகத் திரும்பிய கயிற்றிடம் வாள் கேட்டது: "டூகல் கொஞ்சம்கூடவா கையைத் தளர்த்தலை?"

"என் நாரே பிஞ்சு போச்சு."

வாள் மெதுவாகக் கேட்டது: "அடுத்த வருஷம் நடுக்கோடு கிழிக்க, கூரா ஏதாச்சும் வேணுமாமா?"